ரூட்டர் டேபிளுக்கு எதற்கு இத்தனை நகை?

மர வேலையை ஆசைக்குச் செய்கிறவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ரூட்டர் டேபிளில் வந்து நிற்கும். நின்றதும் ஒருவர் கேட்பார்: "லிஃப்ட் என்ன போட்டிருக்கீங்க?" இல்லை என்றால் ஒரு பரிதாபப் பார்வை. ஃபென்ஸுக்குப் பதில் ஒரு தேக்குச் சட்டத்தை கிளாம்ப் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னால் பேச்சே வேறு பக்கம் திரும்பிவிடும். வார்ப்பிரும்பு மேற்பரப்பு, கைப்பிடியைச் சுற்றினால் ரூட்டரை ஏற்றி இறக்கும் லிஃப்ட், அலுமினிய ஃபென்ஸ், அதை மயிரிழை அளவு நகர்த்த ஒரு திருகு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் டிஜிட்டல் அளவி. இவ்வளவும் இருந்தால்தான் துல்லியம் வரும், இல்லாவிட்டால் மரமும் வீண், உழைப்பும் வீண் என்பது இப்போது யாரும் கேள்வி கேட்காத சங்கதி. மொட்டைமாடியில் பட்டறை போட்டிருக்கும் மென்பொருள் ஊழியரும் நம்புகிறார்; மூன்று ஆசாரிகளை வைத்து மாடுலர் கிச்சன் செய்து தரும் சிறு முதலாளியும் நம்புகிறார்.

இந்த நம்பிக்கை தவறு. கொஞ்சம் மிகைப்படுத்திய உண்மை என்று விட்டுவிடக்கூடிய தவறும் இல்லை. காசு போக வேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் தடுக்கிற தவறு.

விற்பவர்கள் மட்டும் இதை வளர்த்தார்கள் என்று சொல்ல முடியாது. ரூட்டரின் விலையைவிட லிஃப்டுக்கு அதிகம் கொடுத்துவிட்ட மனிதர், அது இல்லாமலும் வேலை நடக்கும் என்று எந்த வாயால் சொல்வார்? ஜெஸ்எம், இங்க்ரா, கிரெக் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் சரக்கில் குறை காண்பதும் இங்கே நோக்கமில்லை. நன்றாகவே செய்கிறார்கள். அவை இல்லாமல் நேர்த்தி வராது என்கிற பேச்சின் மேல்தான் வழக்கு.

முதலில் இந்த மேசை என்ன என்று பார்த்துவிடலாம். ரூட்டர் என்பது ஒரு மோட்டார். அதன் முனையில் வெட்டுவதற்கு ஒரு பிட். மைக்கா ஒட்டியபின் ஓரத்தைச் சீவ ஆசாரிகள் கையில் வைத்திருக்கும் டிரிம்மர் அதன் சின்னத் தம்பி. நிமிடத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபத்தைந்தாயிரம் சுற்று வரை ஓடும். கையில் பிடித்தால் கருவி மரத்தின் மேல் போகிறது. அதையே தலைகீழாக ஒரு பலகைக்கு அடியில் தொங்கவிட்டு, பிட் மட்டும் ஓட்டை வழியே மேலே நீட்டிக்கொண்டிருந்தால் மரம் கருவியின் மேல் போகிறது. அவ்வளவுதான் ரூட்டர் டேபிள். பீடிங், பள்ளம், படி, நாக்கு, சட்டத்தின் ஓரத்தில் ஒரு வளைவு என்று கையில் கிளாம்ப் போட்டுப் பிடிக்க முடியாத மெல்லிய, சிறிய துண்டுகளுக்கு இது வரப்பிரசாதம். ஒரு தட்டை, ஒரு நேர்க்கோடு, ஒரு ஓட்டை. மூன்றும் சரியாக இருந்தால் மேசை சரி.

மரத்தை ஒட்டித் தள்ளும் அந்த நேர்க்கோடான ஃபென்ஸிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரிய ஏமாற்றம் அங்கேதான் இருக்கிறது. டேபிள் சா என்கிற மேசை ரம்பத்தில் ஃபென்ஸ், பிளேடுக்கு அச்சு அசலாக இணையாக நின்றாக வேண்டும். கொஞ்சம் கோணினாலும் மரம் பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே சிக்கி, எதிரே நிற்பவரின் வயிற்றைத் தேடி வரும். அந்தப் பயத்தை அப்படியே தூக்கி ரூட்டர் டேபிளின் மேல் போட்டுவிட்டார்கள். ஆனால் ரூட்டர் பிட் உருண்டை. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. ஃபென்ஸ் எந்தக் கோணத்தில் நின்றாலும் பிட்டின் மையத்திலிருந்து அதற்கு உள்ள தூரம் ஒன்றே ஒன்றுதான். மேசையின் ஓரத்துக்கு அது இணையா, குறுக்கா, சாய்வா என்று பிட் கேட்பதே இல்லை.

இதை ஒப்புக்கொண்டால் பாதிக் கடை காலியாகிவிடும். ஃபென்ஸின் ஒரு முனையில் ஒரு போல்ட், மறுமுனையில் ஒரு கிளாம்ப். போல்ட்டை அச்சாக வைத்து மறுமுனையைத் தள்ளினால் ஃபென்ஸ் சுழலும். பிட் நடுவில் இருந்தால், மறுமுனை ஒரு மில்லிமீட்டர் நகரும்போது பிட்டின் அருகே நகர்வது அரை மில்லிமீட்டர். காசு கொடுத்து வாங்கும் நுண்திருகின் வேலையை இந்தச் சாய்வு இலவசமாகச் செய்கிறது. இன்னும் நுணுக்கம் வேண்டுமா? மறுமுனைக்குப் பின்னால் ஒரு கட்டையை கிளாம்ப் போட்டு நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே சாதாரண ஏ4 தாள் ஒன்றைச் செருகலாம். ஒரு தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ.; பிட்டின் அருகே அது 0.05 ஆகிவிடுகிறது. தாள் பிடிக்காதவர்கள் பைக் மெக்கானிக்கிடம் இருக்கும் ஃபீலர் கேஜை வாங்கிக்கொள்ளலாம்.

மேசையில் வெட்டிய பள்ளத்தில் ஓடும் மைட்டர் கேஜை வைத்துச் சட்டத்தின் தலையை வெட்டுகிறபோது மட்டும் ஃபென்ஸ் அந்தப் பள்ளத்துக்கு இணையாக இருக்க வேண்டும் என்பது உண்மை. அந்தத் தேவையையும் சுலபமாக ஒழிக்கலாம். சரியான மூலைமட்டத்தில் அறுத்த ஒரு சதுரப் பலகையை ஃபென்ஸோடு ஒட்டி வைத்து, சட்டத்தை அதன் முன்னால் பிடித்துத் தள்ளினால் போதும். பலகை ஃபென்ஸைப் பார்த்துக்கொள்ளும். சட்டம் பலகையைப் பார்த்துக்கொள்ளும். சட்டத்தின் பின்பக்கம் சிலும்பாமல் காப்பதும் அதே பலகைதான்.

அப்படியானால் ஃபென்ஸுக்கு என்னதான் தகுதி வேண்டும்? நேராக இருக்க வேண்டும். மேசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு ஸ்டீல் ஸ்கேலை ஓரத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும், மூலைமட்டத்தை வைத்தால் இரண்டாவதற்கு. மேசைப்பரப்பும் பிட்டைச் சுற்றி ஓர் அடி தூரத்துக்குத் தட்டையாக இருந்தால் எல்லா வேலையும் ஓடும். 19 மி.மீ. பிளைவுட்டை இரண்டு அடுக்காக ஒட்டி மேலேயும் கீழேயும் மைக்கா ஒட்டினால் பரப்பு தயார். கீழே ஒட்டுவதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிக்கும் பலகை வளையாமல் என்ன செய்யும்? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூடியிருந்தால் இரண்டும் ஒரே மாதிரி குடிக்கும், ஒரே மாதிரி காயும். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1989 முதல் 2009 வரை ஓடிய "தி நியூ யாங்கி ஒர்க்‌ஷாப்" நிகழ்ச்சியில் நார்ம் ஏப்ரம் செய்து காட்டிய ரூட்டர் மேசையும் பிளைவுட் பெட்டிதான். ஒரு தலைமுறை அமெரிக்கர்களுக்கு ரூட்டர் டேபிள் ஆசையைக் கிளப்பியதில் அந்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆசையை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு பெட்டியை அங்கேயே விட்டுவிட்டோம்.

இதற்கு மேல் எதிர்த்தரப்பின் பலமான வாதம் வருகிறது. "0.01 மி.மீ. காட்டும் அளவி இருந்தால் நல்லதுதானே, கெடுதல் என்ன?"

கெடுதல், அந்த எண் பொய் நம்பிக்கை கொடுப்பதில் இருக்கிறது. உலோகத்தில் அது அர்த்தமுள்ள எண். மரம் அப்படி இல்லை. ஈரத்துக்கு அதிகம் அசையாத மரம் என்று பெயர் வாங்கியது தேக்கு. அதிலேயே 100 மி.மீ. அகலமுள்ள ஒரு பலகை, உள்ஈரம் மூன்று சதவீதம் மாறினால் அகலத்தில் சுமார் அரை மில்லிமீட்டர் கூடும் அல்லது குறையும். சித்திரை வெயிலில் 0.01-க்குச் சரிபார்த்த பொருத்து கார்த்திகையில் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மரத்துக்கு எதிரி ஈரம் என்பதைவிட ஈரத்தின் மாற்றம் என்பதே சரி. காஞ்சி வரதராஜர் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர் 1979-க்குப் பிறகு 2019-ல்தான் 48 நாள் வெளியே எழுந்தருளினார். இடைப்பட்ட நாற்பது ஆண்டும் அத்தி மரத் திருமேனி தண்ணீருக்கு அடியிலேயே இருந்தது. பக்தர்களுக்கு அது பெருமாளின் மகிமை. தச்சருக்கோ, ஒரே நிலையில் இருக்கும் மரம் நீடிக்கும் என்பதற்கு ஊரறிந்த சாட்சியும்கூட. சுற்றுவட்டாரப் பட்டறைகளில் காற்றின் ஈரத்தில் வைத்திருக்கும் பலகைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அளவியின் கடைசி இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, மரத்தைப் பட்டறையில் சில வாரம் அடுக்கிவைத்து ஊரின் காற்றுக்குப் பழக்குவது பல மடங்கு பயன் தரும். அதற்கு ரசீது கிடையாது. அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

துல்லியத்தைப் பற்றிப் பேச இன்னொரு சாட்சியும் பக்கத்திலேயே உண்டு. காஞ்சியிலிருந்து மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டிச்சத்திரத்தை ஒட்டியிருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள், மரகதவல்லித் தாயார். நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. ராமர் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்பது தல வரலாறு. இளம் ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டது இங்கே என்பது குருபரம்பரைச் செய்தி. பெரும்பாலோர் இவற்றுக்காக வருகிறார்கள். மர வேலைக்காரர் வர வேண்டியது குதிரைக்காக. இந்தக் கோயிலின் குதிரை வாகனம் ஒரே கட்டையாகச் செய்தது இல்லை. தனித்தனிப் பாகங்களைக் கீல் வைத்து இணைத்தது. தோளில் ஏறிப் புறப்பட்டால் உயிருள்ள குதிரை போல அசையும் என்பது ஊரின் பெருமை. அதைச் செய்த தச்சர், இன்னொன்று செய்து தரச் சொல்லிக் கேட்டபோது மறுத்துவிட்டார் என்றும், அவரைச் சிறப்பிக்க உற்சவத்தின் எட்டாம் நாள் பெருமாள் அவருடைய தெருவுக்கு எழுந்தருளுகிறார் என்றும் சொல்கிறார்கள்.

இயந்திரத்தை வெறுப்பவர்கள் இந்தக் குதிரையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வது வழக்கம். "பார்த்தீர்களா, ரூட்டரா வைத்துச் செய்தார்?" என்பார்கள். இந்தக் கட்டுரை அவர்கள் பக்கமும் இல்லை. கையால் எல்லாம் முடியும் என்பது உண்மை; முடிகிற எல்லாவற்றையும் கையால்தான் செய்ய வேண்டும் என்பது வெறும் வீம்பு. அந்தக் குதிரைக் கதையில் கவனிக்க வேண்டியது வேறு: தச்சர் இன்னொன்று செய்ய மறுத்தார். ஒன்றே ஒன்று செய்கிறவருக்கு ஒவ்வொரு கீலையும் அதன் இணையோடு வைத்து, உரசிப் பார்த்து, கொஞ்சம் சீவி, மறுபடி வைத்துப் பார்க்க அவகாசம் உண்டு. ரூட்டர் டேபிளின் பிழைப்பு நேர்மாறானது. ஒன்று போல இன்னொன்று, அது போல நாற்பது. முதல் துண்டை அமைக்க அரை மணி நேரம், மீதி முப்பத்தொன்பதுக்கும் சேர்த்து இன்னொரு அரை மணி. துணைக்கருவிகளைப் புகழ்கிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கலங்கடித்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே அளவு வருவதற்குத் தேவை, இறுக்கிய ஃபென்ஸ் நகராமல் இருப்பது, பிட் இறங்காமல் இருப்பது. இரண்டுக்கும் நல்ல கிளாம்பும், பிட்டின் காம்பைப் பிடிக்கும் கொலெட்டை நன்றாக இறுக்குவதும் போதும். சரியான முதல் அளவு வருவதற்குத் தேவை, அதே கனத்தில் ஒரு வீண் துண்டை ஓட்டிப் பொருத்திப் பார்ப்பது. திருப்புட்குழித் தச்சரும் அதைத்தானே செய்திருப்பார்.

காஞ்சி வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த பொருளை வைத்தே இதைப் பார்க்கலாம். கைத்தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தி ஊடையை அடித்து நெருக்குவது அச்சு. அந்த அச்சு உட்காருவதற்கு மரச்சட்டத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வேண்டும். புடவையின் அகலம் 48 அங்குலம் என்றால் சட்டம் அதைவிட நீளம். பள்ளம் தளர்ந்தால் ஒவ்வொரு அடிக்கும் அச்சு ஆடும். இறுகினால் உள்ளே போகாது, தட்டி ஏற்றினால் அச்சு வளையும். நல்ல ரூட்டர் வேலை. கையோடு அளவியைத் தேடுபவர் இங்கே தோற்றுப்போவார், ஏனென்றால் அச்சின் விளிம்பே ஓரிடத்தில் இருக்கும் கனத்தில் இன்னோரிடத்தில் இருக்காது. அந்த அச்சையே கொண்டுவந்து, வீண் துண்டில் வெட்டிய பள்ளத்தில் நுழைத்துப் பார்ப்பதுதான் அளவு.

8 மி.மீ. நேர் பிட் ஒன்று மாட்டியிருக்கிறது. பள்ளம் அதைவிடக் கொஞ்சம் அகலமாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே இழுப்பில் முழு ஆழமும் எடுக்கக் கூடாது. மூன்று மில்லிமீட்டர், பிறகு இன்னும் மூன்று. மரம் எப்போதும் வலமிருந்து இடமாகப் போக வேண்டும், பிட்டின் சுழற்சிக்கு எதிராக. ஆழம் வந்தபின் அகலப்படுத்த ஃபென்ஸை நகர்த்த வேண்டும். எந்தப் பக்கம்? வேலை செய்பவரின் விரல் அடங்கியிருப்பது இந்தக் கேள்வியில். ஃபென்ஸைப் பின்னுக்கு, அதாவது பிட்டிலிருந்து விலகும்படி தள்ளினால், பிட் பள்ளத்தின் முன்சுவரைத் தின்னும். அங்கே பல் மரத்துக்கு எதிராக ஓடுகிறது, மரம் அடங்கி வரும். முன்னுக்கு இழுத்தால் பின்சுவர் வெட்டுப்படும். அங்கே பல்லும் மரமும் ஒரே திசையில் ஓடும். பிட் மரத்தைப் பற்றிக்கொண்டு இடப்பக்கமாகப் பறக்கவிடும், பிடித்திருந்த கையும் கூடவே போகும். மெல்லிய சட்டத்தைப் பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே விட்டு ஓட்டுவதும் இதே ஆபத்துதான். எந்த விலையுயர்ந்த ஃபென்ஸும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. நுண்திருகு உள்ள ஃபென்ஸிலும் தவறான பக்கம் திருகினால் தவறுதான். என்ன, இன்னும் சொகுசாக நடக்கும்.

லிஃப்டைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் நியாயமில்லை. பிட்டின் உயரத்தை மாற்ற மேசைக்கு அடியில் குனிந்து, இருட்டில் தடவி, ரூட்டரின் திருகைத் தேடுவது எரிச்சலான வேலை என்பதில் சந்தேகமே இல்லை. அமுக்கி இறக்கும் பிளஞ்ச் வகை ரூட்டரைத் தலைகீழாக மாட்டினால் அதன் ஸ்பிரிங் வேறு எதிர்த்துத் தள்ளும். லிஃப்ட் இதையெல்லாம் தீர்க்கிறது. காலை முதல் மாலை வரை அலமாரிக் கதவுச் சட்டங்கள் ஓடும் பட்டறையில், ஒரு நாளில் பலமுறை உயரம் மாறுகிற இடத்தில், அது தன் விலையைச் சம்பாதித்துவிடும். முதுகு வலி உள்ளவரும் தயங்காமல் வாங்கலாம். அப்போது அது முதுகுக்குச் செய்த செலவு. துல்லியத்துக்குச் செய்த செலவென்று கணக்கில் எழுதுவதுதான் பிசகு. வாரத்தில் ஒருநாள் மேசையைத் தொடுகிறவர், மேசையில் ரூட்டரைத் தாங்கும் இன்சர்ட் பிளேட் என்கிற தகட்டோடு ரூட்டரைத் தூக்கி மேலே வைத்து பிட்டை மாற்றி, உயரம் பார்த்து, மறுபடி இறக்கிவிடலாம். இல்லையென்றால் பழைய காரின் ஸிஸர் ஜாக்கி ஒன்றை ரூட்டருக்கு அடியில் நிறுத்தினால் ஏற்றவும் இறக்கவும் அதுவே ஆகும். உயரத்தை அளக்க டிரில் பிட்டின் காம்பு போதும். 6 மி.மீ. டிரில் பிட்டின் காம்பு 6 மி.மீ.தான், அதைப் பக்கத்தில் படுக்கவைத்து விரலால் தடவினாலே வித்தியாசம் தெரியும்.

இன்சர்ட் பிளேட் என்று வந்தபின் ஓர் எச்சரிக்கை. பெரிய ரூட்டர் ஐந்தாறு கிலோ இருக்கும். மெல்லிய அக்ரிலிக் தகட்டில் அதைத் தொங்கவிட்டால் நாளடைவில் நடுவில் தொய்வு விழும். தொய்ந்த இடத்தில் ஓடும் மரத்தில் பள்ளத்தின் ஆழம் ஒரே சீராக வராது. அலுமினியத் தகடோ தடித்த ஃபினாலிக் தகடோ வாங்குவது வீண் செலவு ஆகாது. கடையில் பளபளவென்று கவரும் அக்ரிலிக்தான் முதலில் விலைபோகிறது என்பது வேறு கதை.

சிக்கனம் பேசுகிற கட்டுரை எல்லாவற்றுக்கும் சிக்கனம் பேசினால் ஆபத்து. துணைக்கருவிப் பட்டியலில் கடைசியில் வருபவை, அல்லது வரவே வராதவை, மூன்று உண்டு. காசு அங்கேதான் போக வேண்டும்.

முதலாவது சுவிட்ச். ரூட்டரின் சொந்த சுவிட்சை அழுத்திப் பூட்டிவிட்டு, சுவரில் உள்ள பிளக்கில் போட்டு அணைப்பதுதான் பெரும்பாலான வீட்டுப் பட்டறைகளின் வழக்கம். மின்சாரம் போகிறது. மனிதர் பிட்டின் அருகே இருக்கும் தூசியை விரலால் தட்டுகிறார். மின்சாரம் வருகிறது. இதற்கு மேல் விவரிக்க வேண்டாம். மின்சாரம் போனதும் தானே துண்டித்துக்கொண்டு, மறுபடி பொத்தானை அழுத்தும்வரை ஓடவிடாத சுவிட்ச் வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. ஊரில் பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் பச்சை, சிவப்புப் பொத்தானோடு மாட்டியிருக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரின் உள்ளே நோ-வோல்ட் காயில் இருப்பது இதற்காகத்தான். 1,600 வாட் ரூட்டர் 230 வோல்ட்டில் சுமார் ஏழு ஆம்பியர் இழுக்கும். அதற்கு ஏற்ற ஒற்றை ஃபேஸ் ஸ்டார்ட்டரை எலக்ட்ரீஷியனை வைத்து மேசையின் முன்கால் அருகே, முழங்காலால் தட்டினாலும் சிவப்பு அழுந்துகிற மாதிரி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. லிஃப்ட் வைத்திருக்கும் எத்தனை மேசைகளில் இது இருக்கிறது என்று விசாரித்தால் சங்கடமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது பிட். தேக்கு மரத்தில் இயல்பாகவே சிலிக்கா உண்டு. எஃகுப் பல்லை அது தேய்த்து மழுங்கடித்துவிடும். கார்பைட் நுனி உள்ள பிட்டுக்குக் கொடுக்கும் காசு ஒவ்வொரு ஓட்டத்திலும் தெரியும். மழுங்கிய பிட் மரத்தைக் கருக்கும், அப்போது பழி ஃபென்ஸின் மேல் விழும். காம்பின் அளவிலும் கவனம் வேண்டும். நம் கடைகளில் 6 மி.மீ. காம்பும் கால் அங்குலக் காம்பும் ஒரே டப்பாவில் கிடக்கும். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அந்தக் கொலெட்டில் 6 மி.மீ. பிட்டை மாட்டி முரட்டுத்தனமாக இறுக்கினால் பிடித்த மாதிரி தெரியும். ஓடும்போது மெல்ல மேலே ஏறும். 12 மி.மீ., அரை அங்குலம் என்கிற ஜோடியிலும் இதே கதை. காம்பைக் கொலெட்டின் அடிவரை தள்ளி அப்படியே இறுக்காமல், இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்து இறுக்க வேண்டும் என்பதையும் பலர் பல பிட் கெட்டபின்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

மூன்றாவது தூசி. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே மரத்தூசியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. ரூட்டர் விடுவது இழைப்புளிச் சுருள் போன்றதில்லை, பாதி மாவு. ஃபென்ஸுக்குப் பின்னால் ஒரு குழாய், மேசைக்கு அடியில் ரூட்டரைச் சுற்றி மூடிய பெட்டியில் இன்னொரு குழாய், இரண்டையும் சேர்த்து ஒரு வாக்குவம், முகத்துக்கு ஒழுங்கான மாஸ்க். மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு மாஸ்க் ஆகாது.

இந்த இடத்தில் சைட்டில் வேலை செய்யும் ஆசாரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுமானம் நடக்கும் வீட்டில், ஒரு பிளைவுட் துண்டில் ஓட்டை போட்டு டிரிம்மரைத் தலைகீழாக மாட்டி, இரண்டு ஸ்டூலுக்கு நடுவே கிடத்தி, ரீப்பர் கட்டை ஒன்றை ஃபென்ஸாக வைத்துச் சளைக்காமல் பீடிங் ஓட்டுவார்கள். துணைக்கருவிகளே துல்லியம் என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை. அந்தப் பீடிங்கின் மூலை சேர்வதை நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதே மேசையில் காப்பு இல்லை, சுவிட்ச் இல்லை, மரத்தை ஃபென்ஸோடு அழுத்திப் பிடிக்கும் ஃபெதர்போர்டு இல்லை. விரல் பிட்டுக்கு ஒன்றரை அங்குலத்தில் போய்வருகிறது. ஃபெதர்போர்டு கடைச் சரக்கும் இல்லை: ஒரு பலகையின் தலையைச் சாய்வாக அறுத்து, சீப்புப் பல் போல வரிசையாக வெட்டுக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் ஆகிவிடும். துல்லியத்தில் ஆசாரி பணக்கார மேசையை வென்றுவிடுகிறார். பாதுகாப்பில் இரண்டு பேருமே தோற்கிறார்கள். ஒருவருக்குக் காசு இல்லாததால், இன்னொருவருக்குக் காசு லிஃப்டுக்குப் போய்விட்டதால்.

கடைசியாக எதிர்த்தரப்பு எடுத்துப்போடுவது பலகைக் கதவு. கதவின் நடுப்பலகை ஓரத்தைச் சரிவாக இழைக்கும் பெரிய பிட்டுகள் உண்டு. விட்டம் 85 மி.மீ. வரை போகும். "இதற்குக்கூட லிஃப்டும் வார்ப்பிரும்பும் வேண்டாமா?" இந்த பிட்டுக்கு முதலில் தேவை வேகத்தைக் குறைப்பது. 24,000 சுற்றில் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 380 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்; 12,000-க்கோ அதற்கும் கீழேயோ இறக்க வேண்டும். வேகக் கட்டுப்பாடே இல்லாமல் 22,000-ல் மட்டும் ஓடும் ரூட்டர்களும் கடைகளில் விற்கின்றன. அவற்றை எவ்வளவு விலையுள்ள லிஃப்டில் மாட்டினாலும் அந்த பிட்டுக்கு லாயக்கில்லை. நடுவில் சீலிங் ஃபேன் ரெகுலேட்டரைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று யோசனை சொல்பவரும் இருக்கிறார்கள். எழுபத்தைந்து வாட் ஃபேனுக்குச் செய்ததில் 1,600 வாட்டை விட்டால் ரெகுலேட்டர் புகைந்துதான் நிற்கும். வேகம் குறையாத ரூட்டர் வைத்திருப்பவருக்கு நிமிர்ந்த வகைப் பலகை பிட் இருக்கிறது, விட்டம் சுமார் 38 மி.மீ. அதில் பலகையைப் படுக்கவைக்காமல் ஃபென்ஸோடு நிமிர்த்தி நிறுத்தி ஓட்டுவார்கள். எட்டு, பத்து அங்குல உயரமுள்ள ஃபென்ஸ் வேண்டும். மிச்சமிருக்கும் 19 மி.மீ. பிளைவுட்டில் ஒரு மாலை நேர வேலை.